பன்னிரண்டு கிலோ உப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அரியாங்குப்பத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் ஹேமலதாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், மீனைத் தாங்குவாள், மனுஷனைக் கடித்துக் குதறுவாள் என்றுதான் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. மீன்வளம் படித்துவிட்டு, பதினோரு வருடமாகத் தோட்டக் குளங்களுக்கு பில்டர் போட்டுக் கொடுக்கிறேன். குளம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது இந்த வருடங்களில் நான் கற்ற பாடம். தீனி கொஞ்சமாகத்தான் போடுகிறேன் என்பார்கள். வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன் என்பார்கள். தண்ணீர் மட்டும் பொய் சொல்லாது. சோதனைக் குழாயில் பத்துச் சொட்டு மருந்து விட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான் இந்த மே மாதம் பாகூருக்குப் போனேன்.

கூப்பிட்டவர் உலகநாதன். வில்லியனூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பாகூர் ஏரியைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் நிலம் வாங்கித் தோட்ட வீடு ஒன்று கட்டியிருந்தார். ஈசானிய மூலையில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். அந்த மூலையில் மனிதர் கோய் என்ற ஜப்பான் அலங்கார மீனுக்குக் குளம் வெட்டிவிட்டார். சென்னையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பதினோரு மீன்களை வரவழைத்து விட்டார். ஒவ்வொன்றையும் குழந்தையைப் போலப் போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தார்.

"பெருசா ஒரு பில்டர் போடுங்கம்மா. அடுத்த மாசம் எங்க பொண்ணைப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க இங்கதான் வராங்க. பாத்தா அசந்துபோவணும்."

"பில்டர் அசத்துறதுக்கு இல்ல சார். உங்க குளத்துல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த பில்டர்னு சொல்ல முடியும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

குளத்தைப் பார்த்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. பில்டரே இல்லாத குளம். அக்கினி நட்சத்திர வெயில் நேராக இறங்குகிறது. நியாயமாகப் பார்த்தால் அது பட்டாணிச் சூப்பு மாதிரி பச்சையாக இருக்க வேண்டும். ஆனால் அடித்தரையின் சிமெண்டில் கொத்தனார் இழுத்த கரணைக் கோடுகூடத் தெரிந்தது. சோதனை செய்து பார்த்தேன். அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. மீன் இருக்கும் தண்ணீரில் மீன் இருந்த தடயமே இல்லை.

"எப்ப சார் தண்ணி மாத்துனீங்க?"

"மாத்துனதே இல்லம்மா. ரொப்புனதும் இல்ல. பொங்கலுக்கு முன்னாடி ஒருவாட்டி ரொப்பினதுதான்."

இவரும் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கொல்லையில் போர் எண்பது அடிக்குக் கீழே போய்விட்டதென்று வழியில்தான் ஒருவர் புலம்பியிருந்தார். இங்கே தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே, தளும்பத் தளும்ப நிற்கிறது.

"மீனு மட்டும் மூணு காணோம். செத்திருந்தா மெதக்கணுமா இல்லியா? ஒண்ணுகூட மெதக்கல." எண்ணினேன். எட்டுதான் இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் சின்னத் தூக்குச் சட்டி, வலது கையில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, குழாயைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கினார். குளத்தின் அடித்தரையில், அந்த ஓரத்தை ஒட்டி, கழிவு நீர் போவதற்கு நாலு அங்குல வாய் ஒன்று வைத்திருந்தார்கள். மூடிகூடப் போடவில்லை. குழாயை அந்த வாயின் மேல் சரியாகப் பொருத்தி, தூக்கிலிருந்த மோர்ச்சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி உள்ளே போட ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யம்மா! இன்னா பண்றீங்க? சோறு போட்டா தண்ணி நாறிடும். மீன் செத்துடும்."

"மீனுக்குப் போடலம்மா" என்றார் அவர். உருண்டைகளை நிறுத்தவில்லை. "உப்பு போடாத சோறுதான். ஒண்ணும் ஆவாது."

உலகநாதன் என்னைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "உடுங்கம்மா. அமுதம்னு பேரு. தோட்டத்துக்குத் தண்ணி உடறவங்க. இந்த நெலமே முன்ன இவங்க வூட்டுதுதான். பங்கு பிரிச்சி வித்துட்டாங்க. வித்த நெலத்துலயே கூலிக்கு வராங்களேன்னு ஊரே சிரிக்குது. கேட்டா, ஆமா கூலிக்குத்தான்னு பூடறாங்க. எனக்குத்தான் சங்கடமா இருக்குது."

குளத்தை அளந்தேன். பத்தடிக்குப் பத்தரை அடி, ஆழம் நாலடி. கணக்குப்படி பன்னிரண்டாயிரம் லிட்டர். ஆனால் நாடாவை மட்டும் நம்பி நான் பில்டர் போடுவதில்லை. உப்பு போட்டு அளப்பது என் வழக்கம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ என்று உப்பைக் கரைத்து ஊற்றினால், மீட்டர் ஒன்று என்று காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் தண்ணீர் கணக்கைவிட அதிகம் என்று அர்த்தம். அந்த அளவு உப்பு மீனுக்குக் கெடுதல் செய்யாது. பன்னிரண்டு கிலோ கல்லுப்பை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒன்று. கணக்கு சரி. எதற்கும் மறுநாளும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம் மீட்டர் பூஜ்யத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது.

மீட்டரைத் திட்டினேன். ஸ்கூட்டியில் இருந்த இன்னொரு மீட்டரை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு கிலோ உப்பு இவ்வளவு நீர்த்துப்போக வேண்டுமானால் ஒன்றரை லட்சம் லிட்டராவது வேண்டும். நாலடி ஆழக் குளத்துக்கு அடியில் ஒன்றரை லட்சம் லிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

குளத்தைக் கட்டிய கொத்தனார் பாக்யராஜுக்குப் போன் போட்டேன். அந்தக் கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"அது ஏற்கெனவே அங்க இருந்த பைப்பு மேடம். மண்ணுலேருந்து நீட்டிக்கிட்டு நின்னுச்சி. பத்துக் கொடம் ஊத்திப் பாத்தேன். அப்படியே குடிச்சிட்டுது. பழைய சோக்பிட்டு, தண்ணி உறியற குழின்னு நெனச்சி, மேல நீட்டிக்கிட்டிருந்தத அறுத்துப் போட்டுட்டு அதுலயே டிரெய்ன கோத்துட்டேன். எதுனா தப்பா மேடம்?"

தப்பா என்று கேட்கிறான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பத்துக் குடத்தை அப்படியே குடித்த குழாய், பொங்கலிலிருந்து இந்தக் குளத்தை ஏன் குடிக்கவில்லை?

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. மீன் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் ஒரு சொட்டை நீளமான குழலால் அடியில் விட்டால், அது போகும் திசை நூல் பிடித்த மாதிரி தெரியும். குப்புறப் படுத்து, அந்த வாய்க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன். ஊதா நூல் மெல்ல வாய்க்குள் நுழைந்தது. சரி, உறிஞ்சுகிறது என்று நினைத்தேன். நின்றது. பிறகு அதே நூல் மெல்ல வெளியே வந்தது. நின்றது. மறுபடி உள்ளே போனது.

வாட்சைப் பார்த்து எண்ணினேன். உள்ளே இரண்டு நொடி, வெளியே இரண்டு நொடி. பம்ப் இல்லை, காற்று இல்லை, குளத்தின் மேல்பரப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தூங்குகிற பிள்ளையின் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா, அந்தத் தாளம்தான். எனக்குப் பயம் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வாயிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு உடம்பு. ஒரு மீன் நெளிந்து வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல மற்றவைகளோடு சேர்ந்துகொண்டது. உடம்பில் நிறமே இல்லை. வேகவைத்த முட்டை வெள்ளை. இந்தக் குளத்தில் வெள்ளை மீன் கிடையாது. வலையில் பிடித்து, உலகநாதன் அனுப்பியிருந்த போட்டோக்களோடு ஒப்பிட்டேன். வால் துடுப்பில் ஒரு கிழிசல். பொங்கலுக்கு மறுநாள் காணாமல் போன சிவப்பு மீன் இதுதான். மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தால் கோய் மீனுக்கு நிறம் வெளுக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் நாலு மாதம் இருட்டில் கிடந்த மீன் எலும்பும் தோலுமாக அல்லவா வர வேண்டும்? இதற்கு வயிறு புடைத்திருந்தது. லேசாக அழுத்தினேன். வாயிலிருந்து சோற்றுப் பருக்கைகள் விழுந்தன.

"நல்லாத்தான் பாத்துக்கிறா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அமுதம் அக்கா, தூக்கும் குழாயுமாக நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. அவர் சோறு போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு அவரே சொன்னார்.

"இது எங்க மாமனார் வெட்டுன கெணறும்மா. எங்க வெண்ணிலா இதுலதான் வுழுந்தா. ஆறு வயசு. நடவு நாளு. இருவது ஆளு கொல்லையில நிக்கறாங்க. இவ வந்து, பசிக்குதும்மா பசிக்குதும்மான்னு தட்டைத் தட்டிக்கிட்டே இருக்கறா. நடவு ஆளுங்களுக்குப் போட்டுட்டு வரேன், இருடின்னேன். சரி, தட்டையாச்சும் கழுவிக்கினு வரேன்னு போனா."

காலித் தூக்கின் மூடியை அழுத்தி மூடினார்.

"சாயந்தரம் அவ கெடச்சா. தட்டு கெடைக்கல."

கிணற்றை மூட வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் விட்டுத்தான் மூட வேண்டும். மாமனார் மேலே பலகைக் கல் பாவி மண்ணைப் போட்டு, நடுவில் இந்த நாலு அங்குலக் குழாயை நட்டிருக்கிறார். மறுநாள் மத்தியானமே இவர் சோற்றோடு வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் தப்பியதில்லை. நிலம் கைமாறிய பிறகும் தப்பக்கூடாதென்றுதான் கூலிக்கு வந்திருக்கிறார். கையில் இருக்கும் குழாய், பாக்யராஜ் அறுத்துப் போட்ட மிச்சம். ஒரு மத்தியானம்கூட அவர் சாப்பிட்டதில்லையாம்.

"எப்பிடி எறங்கும் சொல்லு? ரொம்ப சுத்தக்காரி அவ. ஒரு கல்லு உப்பு கூடிட்டாக்கூட வாயில வாங்க மாட்டா, தள்ளி உட்டுடுவா. அதனால உப்பே போடறதில்ல. வயிறு ரொம்பிட்டா மட்டும் கடைசி வாயை எனக்குத் திருப்பி ஊட்டுவா. உனக்கும்மா, உனக்கும்மான்னு. இத்தினி வருஷத்துல ஒரு பருக்கை திருப்பிக் குடுக்கல பாப்பா. அவ்ளோ பசி."

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். ஆனால் அந்த ஊதா நூல் உள்ளே போய் வெளியே வந்ததைப் பார்த்த கண் என்னுடையதுதான்.

அன்று மாலை உலகநாதனிடம் கிணறு இருப்பதை மட்டும் சொன்னேன். அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆவது? "மொதல்ல அந்த ஓட்டைய அடைச்சிடுங்கம்மா. எங்க கடையிலேருந்து மூடி அனுப்பறேன். அப்பறம் எந்த பில்டர்னாலும் சரி."

தொழில்படி பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அடி வாயிலிருந்து தானாகத் தண்ணீர் இறங்கி வரும் டிரம் பில்டர் இங்கே உதவாது. கிணற்றை எந்த டிரம்மும் வடிகட்ட முடியாது. மேலிருந்து பம்ப் வைத்து இழுக்கும் பில்டர்தான் போட வேண்டும், அடி வாயை நிரந்தரமாக அடைக்க வேண்டும். நானே முடிவு செய்து, நானே அதை அமுதம் அக்காவிடமும் சொன்னேன்.

அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற எது கேட்டாலும் செய்யறேன் பாப்பா. அத மட்டும் மூடாத. எம்புள்ளைய மறுபடியும் பட்டினி போட்டுடாத." அந்த மறுபடியும் என்ற சொல் என்னைக் கொன்றது.

ஆகவே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கஸ்டமரை ஏமாற்றத் துணிந்தேன். மூடிக்குப் பதிலாக அன்றிரவே பட்டறையில் எவர்சில்வர் சல்லடைத் தகடு ஒன்று செய்து வாங்கினேன். பருக்கை நுழையும், மீன் நுழையாது. மேலிருந்து பார்த்தால் மூடி மாதிரியே இருக்கும். கொல்லைக்காரருக்கு மீன், அக்காவுக்குப் பிள்ளை, எனக்கு ஒரு பொய். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். கிணற்றில் இன்னும் இரண்டு மீன்கள் இருந்தன. அவை வராமல் தகட்டைப் போட முடியாது. "அனுப்பிடுவா" என்றார் அக்கா. பதினொன்றரைக்கு ஒன்று வந்தது. பன்னிரண்டரைக்கு இன்னொன்று. இரண்டும் வெள்ளை. பதினொன்று ஆகிவிட்டது. இரண்டு முறை எண்ணி, போட்டோவும் எடுத்துக்கொண்டேன். மார்பளவு தண்ணீரில் இறங்கி, மூச்சுப் பிடித்து முங்கி, தகட்டைத் திருகினேன். இப்போது கீழே ஒரு மீன்கூட இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு ஆயிரம் முறை எனக்கு நானே கேட்டுக்கொண்டது இதைத்தான்.

அக்கா குழாயை இறக்கி, உருண்டைகளைப் போட்டார். சோறு சல்லடை வழியாக உதிர்ந்து இறங்கியது. தூக்கு காலியானது. குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் கரையில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பருக்கை ஏறி வந்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

சோறு தண்ணீரில் மூழ்கும். மேலே ஏறாது. ஆனால் அந்தத் தகட்டின் துளைகளிலிருந்து பருக்கைகள் ஒன்று ஒன்றாக, அவசரமே இல்லாமல், நாலடித் தண்ணீரைத் தாண்டி வந்தன. வந்தவை சிதறவில்லை. அக்காவின் முழங்காலுக்கு நேரே, ஒரு வாய் அளவுக்குச் சேர்ந்து நின்றன. மீன்கள் எல்லாம் எதிர் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன். பதினொன்று.

அக்கா குனிந்தார். கையால் அள்ளவில்லை. பிள்ளை ஊட்டினால் எப்படி வாங்குவோமோ அப்படி, முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் வாங்கிக்கொண்டார். மென்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. நானும் அழுதேன், என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"ரொம்பிடிச்சி பாப்பா" என்றார். "எம்புள்ளைக்கி வயிறு ரொம்பிடிச்சி. கடைசி வாயை எனக்குக் குடுத்துட்டா." முகமே வேறு முகமாக இருந்தது. இருபது வயது குறைந்தது போல. "மூடிடு. இப்ப மூடிடு. தூங்கட்டும்."

"அக்கா, வேணாம்க்கா. தகடு இருக்கட்டும்..."

"எத்தினி நாளு முழிச்சிருப்பா? மூடிடும்மா."

உலகநாதன் கொடுத்த மூடி பையில்தான் இருந்தது. மறுபடி இறங்கினேன். தகட்டைக் கழற்றிவிட்டு, வாயின் விளிம்பை விரலால் துடைத்தேன். உள்ளிருந்து வந்த தண்ணீர் என் விரல்களைச் சுற்றி உள்ளே போய், வெளியே வந்தது. தண்ணீருக்குள்ளேயே கல்லாக இறுகும் பசையைத் தடவி மூடியை அழுத்திப் பிடித்தேன். அது இறுகும்வரை முங்கி முங்கி எழுந்தேன். இனி அதை உடைத்தால் குளமே போய்விடும். அப்படிப்பட்ட பசை.

கரையேறியபோது அக்கா தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். "வூட்டுக்குப் போயி இன்னிக்குச் சாப்புடப் போறேன்" என்றார் சிரித்துக்கொண்டே. நாலடி நடந்தவர், திரும்பி நாக்கால் உதட்டைத் துழாவினார்.

"சோறுதான் கொஞ்சம் உப்பு கரிச்சிது. நான் உப்பே போடலியே, எப்பிடி?"

பதிலுக்குக் காத்திராமல் வரப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. உப்பு கனமானது, எப்போதும் அடியைத் தேடித்தான் போகும். அது எனக்குப் பாலபாடம். கிணறு முழுக்கச் சமமாகக் கலந்திருக்கும் என்று காகிதத்தில் வகுத்துப் பார்த்தது என் முட்டாள்தனம். பன்னிரண்டு கிலோவும் கலையாமல் மெல்ல மெல்லக் கீழே போய், இன்றைக்குத்தான் அவள் இருக்கும் இடத்தில் தேங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரு பருக்கையைத் திருப்பித் தராத பிள்ளை, வயிறு நிறைந்து தரவில்லை. உப்பு என்று தள்ளிவிட்டிருக்கிறது.

அக்காவின் பின்னால் ஓடவில்லை. வரப்பின் முடிவில் அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். அந்தச் சிரிப்பை என்னால் கலைக்க முடியவில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இரக்கமா கோழைத்தனமா என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் உலகநாதன் கூப்பிட்டார். தண்ணீர் பச்சையாகிவிட்டதாம், தினம் ஒரு விரற்கடை வற்றுகிறதாம். எல்லாக் குளத்தையும் போல அதுவும் ஒரு குளமாகிவிட்டது. பம்ப் வைத்து இழுக்கும் பில்டரை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் ஒரு மணி. குளத்தோரம் வேப்பமர நிழலில் அமுதம் அக்கா தூக்கைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது.

"வா பாப்பா. ஒரு வாய் சாப்புடறியா? இப்ப உப்பெல்லாம் போட்டுத்தான் ஆக்கறேன்."

"நீங்க சாப்புடுங்கக்கா."

பம்பை இறக்குவதற்காகக் குளத்தில் இறங்கினேன். பச்சைத் தண்ணீரில் அடி தெரியவில்லை. மூடி கசிகிறதா என்று பார்க்க, முங்கிக் கையால் தடவித் தேடினேன். பசை கல்லாக இறுகியிருந்தது. கசிவு இல்லை. உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தேன்.

கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டில் விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பொறுமையாக, விடாமல், இரண்டு நொடிக்கு ஒரு தட்டு.

மூச்சு முட்டி மேலே வந்தேன். அக்கா வாயருகே கொண்டுபோன கவளத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி வெளுத்துப் பூடுச்சி? உள்ள எதுனா அடைப்பா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "நீங்க சாப்புடுங்க."